நாற்பத்தாறு சென்டிமீட்டர்

பிப்ரவரி 3

அன்புள்ள உனக்கு,

நான் இங்கே சௌக்கியம். ஆபரேஷன் செய்த முழங்காலில் வீக்கம் வடிந்ததா, ராத்திரி தூக்கம் வருகிறதா என்று எழுது. மகளும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

நேற்று போனில் நீ பேசியதில் பாதிக்கு மேல் எனக்கு விளங்கவில்லை. போனில் மனிதக் குரலின் அடியையும் நுனியையும் வெட்டிவிட்டு நடுவில் இருக்கும் தகரத்தை மட்டும்தான் அனுப்புகிறார்கள். உன் குரலை அப்படிக் கேட்க மனம் ஒப்பவில்லை. இனிமேல் எழுதிவிடுகிறேன். நீயும் எழுது.

ஒன்று மட்டும் விளங்கியது, மகள் கத்திச் சொன்னதால். "அப்பா, வாக்கர் அறுபத்தாறு சென்டிமீட்டர் அகலம். அங்க வந்து அம்மா எப்படி நடப்பாங்க?" கேள்வி நியாயமானது. போனை வைத்ததும் டேப்பை எடுத்தேன். படுக்கையறையிலிருந்து வெளியே வந்தால் எதிரில் இடது ஸ்பீக்கர் நிற்கிறது அல்லவா, அதற்கும் சுவருக்கும் நடுவே நாற்பத்தாறு. தரையோடு ஒரு முறை, இடுப்பு உயரத்தில் ஒரு முறை, தலைக்கு மேலே ஒரு முறை அளந்தேன். மூன்றும் நாற்பத்தாறு. எட்டு வருஷமாக நாம் இருவரும் அதில் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்து பழகிவிட்டோம். அது சந்து என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

இருபது சென்டிமீட்டர் குறைகிறது. கடை கடையாகப் போய் எடைக்கல்லையும் அளவுகோலையும் சோதித்து முத்திரை வைத்தே முப்பத்தெட்டு வருஷம் சம்பளம் வாங்கியவன், சொந்த வீட்டில் இதைக் கவனிக்கவில்லை. யோசித்து ஏதாவது செய்கிறேன்.

நேற்று வயலின் கச்சேரி இசைத்தட்டைப் போட்டேன். இரண்டு ஸ்பீக்கருக்கும் எதிரே உன் நடு நாற்காலி காலியாக இருந்ததால் நானே அதில் உட்கார்ந்தேன். ஆறாவது நிமிடத்தில் சபையில் ஒருவர் இருமுவாரே, அது சரியான இடத்தில் இருக்கிறதா என்று எனக்கே நிச்சயமில்லை. டிசம்பரில் வயரை மாற்றியபோது இருமல் இடப்பக்கம் தெளிவாக இருக்கிறது என்றாய். இப்போதும் உன் அபிப்பிராயம் அதுதானா? முடியும்போது எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
நான்

*

பிப்ரவரி 14

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நான் நலம். நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? என் இரண்டு சக்களத்திகளும் சுகமா? மூத்தவள் இன்னும் படுக்கையறை வாசலை மறித்துக்கொண்டுதான் நிற்கிறாளா?

உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க ஒரு பெண் வருகிறாள். சின்னப் பெண்தான், அதட்டல் மட்டும் மாமியார் அதட்டல். "பாட்டிம்மா, இன்னும் பத்து அடி வச்சா உங்கள விட்டுர்றேன்" என்பாள். பத்து வைத்தால் "இன்னும் அஞ்சு" என்பாள். நான் இதற்கெல்லாம் பழகியவள் என்று அவளுக்குத் தெரியாது.

வாக்கர் ஆறு மாதத்துக்காவது வேண்டும் என்கிறார் டாக்டர். அதற்கப்புறமும் வேண்டியிருக்கலாமாம். அதனால் நீங்கள் அளந்தது சரிதான். அந்தச் சந்தில் என்னால் வர முடியாது. வழி ஆனால் வருகிறேன். அதற்காக அவசரப்பட வேண்டாம். அவை இரண்டும் எங்கேயும் போகப் போவதில்லை என்று எனக்குத் தெரியாதா? பெற்ற பெண்ணையே கட்டிக்கொடுத்து வெளியே அனுப்பினோம். அவற்றை அனுப்ப நமக்குக் கதவு கிடையாது.

இருமல் விஷயம் யோசித்தேன். இடப்பக்கம்தான்.

மாப்பிள்ளை உங்களை விசாரித்தார். குளிக்கும்போது தரை வழுக்கும், கவனம்.

அன்புடன்,
உங்கள் வீட்டுக்காரி

*

பிப்ரவரி 22

அன்புள்ள உனக்கு,

நலம். நீ பத்தடியும் ஐந்தடியும் நடப்பது படித்துச் சந்தோஷம்.

இருமலைப் பற்றி நீ உறுதியாக எழுதியது பெரிய ஆறுதல். நோட்டில் தேதி போட்டுக் குறித்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை ஒரு முயற்சி செய்தேன். இடது ஸ்பீக்கரை முப்பது சென்டிமீட்டர் உள்ளே தள்ளினால் வாசல் கதவு பாதிதான் திறக்கும். பாதி திறந்தாலும், வாக்கரை மடித்துக்கொண்டு ஒரு ஆள் நுழையலாம். காவலாளியையும் பால்காரரையும் கூப்பிட்டு மூவருமாகத் தள்ளினோம். ஒரு விரற்கடை நகர்ந்தது. உடனே அதன் இரும்புக் கால் குத்தியிருந்த தரை ஓடு குறுக்கே விரிசல் விட்டுவிட்டது. கீழ்வீட்டுக்காரர் பனியனோடு ஓடிவந்தார். விரிசலைப் பார்த்தார், ஸ்பீக்கரைப் பார்த்தார். கோபப்படுவார் என்று பயந்தேன். அதைவிட மோசமாக, நிதானமாகப் பேசினார்.

"சார், இத்தன நாளா சத்தம் மட்டும்தான் கீழ வந்துச்சு. பொறுத்துக்கிட்டேன். இப்ப இதுவே கீழ வந்துரும் போலருக்கே. என் பூஜ அறை நேர் கீழ இருக்கு, பாத்துக்குங்க."

மன்னிப்புக் கேட்டேன். பால்காரருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. அவரிடமும் மன்னிப்புக் கேட்டேன்.

பிறகு, மேடைகளுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் ஒருவரை வரவழைத்தேன். சும்மாவே எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். சுற்றிச் சுற்றி வந்தார். "இது எப்படி சார் உள்ள வந்துச்சு?" என்றார். உள்ளேயே வைத்துச் செய்தது, இரட்டைப் பலகை, நடுவில் மணல், அகலம் தொண்ணூற்றெட்டு, ஆழம் எண்பத்து நான்கு, கதவு எழுபத்தாறு என்று விவரம் சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. தண்ணீர் கொடுத்தேன். "அப்ப இது ஸ்பீக்கர் இல்ல சார், சுவரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் உட்கார்ந்தது உன் நாற்காலி. அது இடம் மாறிவிட்டதோ என்று பிறகு அளந்து சரிசெய்தேன்.

வேறு வழி யோசிக்கிறேன். உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது.

இப்படிக்கு,
நான்

*

மார்ச் 15

அன்புள்ள உங்களுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. காரணம் ஒன்றுமில்லை. நலமாகத்தான் இருக்கிறேன். பால்காரருக்கு இடுப்பு தேவலையா?

இங்கே எனக்கு ஜன்னல் ஓரமாக ஒரு கட்டில் போட்டிருக்கிறார்கள். எதிரே ஒரு பள்ளிக்கூடத்தின் பின்சுவர். பார்க்க ஒன்றுமில்லை. ஆனாலும் காலையில் டீ குடித்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். சில நாள் பதினோரு மணி ஆகிவிடுகிறது. மகள் வந்து "என்னம்மா பாக்குற?" என்பாள். ஒன்றும் பார்க்கவில்லை என்பேன். அவளும் போய்விடுவாள்.

ஸ்பீக்கரை எனக்காக ஒன்றும் செய்துவிடாதீர்கள். அது உங்களுக்கு என்ன என்று நான் அறிவேன். வழி கிடைக்கும்போது கிடைக்கட்டும். நான் இங்கே இன்னும் கொஞ்ச நாள் இருப்பதில் யாருக்கும் கஷ்டமில்லை. மாப்பிள்ளை தங்கமானவர்.

உங்கள் பச்சைச் சட்டையின் பித்தான் பீரோவின் மேல்தட்டில் தீப்பெட்டிக்குள் இருக்கிறது. யாரிடமாவது கொடுத்துத் தைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் வீட்டுக்காரி

*

மார்ச் 21

அன்புள்ள உனக்கு,

உன் கடிதம் வராத நாட்களில் முழங்காலுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நலம் என்று படித்த பிறகுதான் பித்தானைத் தேடினேன். கிடைத்தது.

ஒன்றும் செய்துவிடாதீர்கள் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை நான் பல முறை படித்தேன். வீட்டுக்கு வர முடியாமல் பெண் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். அப்போதும் என் பொருளைப் பற்றித்தான் கவலைப்படுகிறாய். எனக்கு வெட்கமாகிவிட்டது. அதனால் ஒரு முடிவு எடுத்துவிட்டேன். நான் முடிவு எடுப்பது அபூர்வம் என்று உனக்குத் தெரியும். சரியானதா என்று இப்போதும் சந்தேகம்தான்.

அதைச் செய்த தச்சரைத் தேடிப் பிடித்தேன். பிரித்துக் கொடுங்கள் என்றேன். அவர் என்னை விடவில்லை.

"சார், பலக அறுக்கறதுக்கு முன்னாடியே சொன்னேனா இல்லையா, கதவ அளந்துக்குங்கன்னு?"

"சொன்னீங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

எனக்கு ஞாபகம் இருந்தது. ஆனாலும் அவர் வாயால் சொல்லட்டும் என்று நின்றேன்.

"இது வெளிய போறதுக்காகச் செய்றது இல்லன்னீங்க. அப்ப உங்க குரல் எப்படி இருந்துச்சு தெரியுமா? கோயில் கட்டுற ராசா மாதிரி."

மணல் உள்ளே இருக்கும்வரை ரம்பம் வைக்க முடியாது, பல் போய்விடும் என்றார். அறுத்து ஒரேயடியாகக் கொட்டினால் கீழ்வீட்டுக்காரர் என்னையும் சேர்த்துக் கொட்டிவிடுவார். ஆகவே பின்பக்கம் அடியில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை போட்டுத் தக்கை வைத்துக் கொடுத்திருக்கிறார். தக்கையை எடுத்தால் மணல் வருகிறது. அது ஓடுகிற சத்தம் எனக்கு அவ்வளவாகத் தெரியவில்லை. துளைக்குக் கீழே கையை வைத்துத்தான் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று பார்க்கிறேன்.

உள்ளே நூற்று எண்பது கிலோ. ஒரு பையில் மூன்று கிலோ என்றால் என்னால் மாடிப்படி இறங்க முடிகிறது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஆக முப்பது நாள். நாளை தொடங்குகிறேன்.

ஒரு ஸ்பீக்கர் போனால் இன்னொன்று பயன்படாது என்பது எனக்குத் தெரியும். அதைப் பற்றி நீ யோசிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
நான்

*

ஏப்ரல் 10

அன்புள்ள உங்களுக்கு,

நலம். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மகளிடம் கொடுத்தேன். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எழுபத்து நாலு வயதில் மணல் சுமக்கிறீர்களா? படியில் தடுக்கி விழுந்தால் பார்க்க யார் இருக்கிறார்கள்? சக்களத்தி என்று நான் கேலிக்குத்தானே எழுதினேன். அதற்காக அவளை வெட்டிப் போடச் சொன்னேனா?

இந்தக் கடிதம் கிடைத்ததும் நிறுத்திவிடுங்கள். பாதி மணல் இன்னும் உள்ளே இருக்கும் அல்லவா? எடுத்ததைத் திருப்பிக் கொட்டிவிடலாமா? தச்சரைக் கேட்டுப் பாருங்கள். வாக்கர் விஷயத்தை நான் வரும் நாளில் பார்த்துக்கொள்ளலாம். இப்போது அது முக்கியமில்லை.

மறக்காமல் நிறுத்துங்கள்.

உங்கள் வீட்டுக்காரி

*

ஏப்ரல் 29

அன்புள்ள உனக்கு,

நலம். நீயும் நலம் என்று நம்புகிறேன்.

நிறுத்தச் சொல்லி நீ எழுதிய கடிதம் கிடைத்தபோது நாற்பத்தேழாவது பையை இறக்கியிருந்தேன். என் உடம்பை நினைத்து எழுதியிருக்கிறாய் என்று புரிந்தது. நடுவில் விட்டால் இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை என்று ஆகிவிடும். அதனால் உன் பேச்சை முதல் முறையாக மீறினேன். மன்னித்துவிடு.

ஒரு நாள்கூடத் தவறவில்லை. மணலைக் காம்பவுண்டு மூலையில் கொட்டக் காவலாளி இடம் காட்டினார். நான்காம் நாளிலிருந்து தெருப் பூனைகளெல்லாம் அதைத் தங்களுக்குக் கட்டிய கழிப்பறை என்று முடிவு செய்துவிட்டன. முதல் மாடி அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "சார், உங்க பாட்டு நின்னா நல்லதுன்னு வேண்டிக்கிட்டேன், நெசந்தான். அதுக்கு இப்படியா?" என்றார். மண்வெட்டி இரவல் வாங்கி மூடி வைத்தேன்.

தச்சர் சனிக்கிழமை வந்தார். ரம்பத்தை வைப்பதற்கு முன் என்னைப் பார்த்து, கடைசியாக ஒரு தடவை போட்டுக் கேட்கிறீர்களா என்றார். மணல் போன பெட்டி. கேட்டால் பானைக்குள் பேசுவது போலத்தான் இருக்கும். மேலும், நடு நாற்காலியில் நீ இல்லாமல் கேட்டு யார் சொல்லப்போகிறார்கள்? வேண்டாம் என்றேன். அறுத்து முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. நான் சமையலறையில் நின்றிருந்தேன். உள்ளே சத்தம் எழுப்பும் காகிதக் கூம்பு கிழியாமல் வந்துவிட்டது. பலகையைத் தச்சர் எடுத்துக்கொண்டு போனார்.

இப்போது வழி ஒரு மீட்டர் நாற்பத்து நான்கு. அட்டைப்பெட்டி ஒன்றை அறுபத்தாறு அகலத்துக்கு வெட்டி, அதைப் பிடித்துக்கொண்டு படுக்கையறையிலிருந்து குளியலறை வரை நடந்து பார்த்தேன். போகவும் வரவும் எங்கேயும் இடிக்கவில்லை. இரண்டு வாக்கர்கள் எதிரெதிரே வந்தால்கூட ஒதுங்கலாம்.

உன்னை அழைத்துவர எப்போது வரட்டும்? காலை ரயிலில் ஜன்னல் பக்கம் கீழ் இருக்கையாக இரண்டு இருக்கின்றன, விசாரித்து வைத்திருக்கிறேன். தேதியை மட்டும் எழுது.

இப்படிக்கு,
நான்

*

மே 20

அன்புள்ள உனக்கு,

நலம். நலமறிய மூன்று வாரமாகக் காத்திருக்கிறேன்.

கடிதம் தபாலில் தவறியிருக்கலாம் என்று ஒரு நகல் இத்துடன் வைத்திருக்கிறேன். முழங்காலில் மறுபடி ஏதாவது சிக்கலா? மறைக்காமல் எழுது. இரண்டு தடவை போன் செய்தேன். யாரோ எடுத்தார்கள். நீயா மகளா என்று தெரியவில்லை. நான் பேசியது அங்கே விழுந்ததா என்றும் தெரியவில்லை.

இப்படிக்கு,
நான்

*

மே 26

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்கள் நலமா? பயப்படாதீர்கள். போனில் நான்தான் பேசினேன். "அம்மா நல்லாருக்காங்க" என்று மூன்று முறை கத்தினேன். நீங்கள் "எங்கே, எங்கே" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள்.

அம்மாவுக்குக் கால் நன்றாகவே தேறிவிட்டது. டாக்டரே ஆச்சரியப்பட்டார். ஏப்ரல் முதல் வாரமே வாக்கரைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். உங்களுக்கு அம்மா எழுதியிருப்பாள். இப்போது கைத்தடி மட்டும்தான். தெருமுனை வரைக்கும் தனியாகப் போய்விட்டு வருகிறாள்.

உங்களுக்கு எழுதுவதற்காகத் தினமும் உட்காருகிறாள். எழுதுகிறாள், கிழிக்கிறாள். என்னம்மா என்று கேட்டால், "உங்கப்பாவுக்கு எழுதறது பரீட்ச எழுதற மாதிரி" என்கிறாள். நீங்கள் இருவரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி என்று இவர் கேலி செய்கிறார். சீக்கிரம் எழுதுவாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்பு மகள்

*

மே 31

அன்புள்ள உனக்கு,

நலம். மகள் எழுதியிருந்தாள். நீ கைத்தடியோடு தெருமுனை வரை நடக்கிறாய் என்று அறிந்து மிகவும் சந்தோஷம். சாலையில் வண்டிகள் பார்த்து நட.

ஏப்ரல் முதல் வாரம் என்று எழுதியிருந்தாள். அவள் தேதியில் தவறக்கூடியவள்தான்.

இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. எழுத முடியும்போது எழுது. அவசரமில்லை.

இப்படிக்கு,
நான்

*

ஜூன் 9

அன்புள்ள உங்களுக்கு,

நலம். நீங்கள் நலமாக இருக்க வேண்டும்.

அவள் தேதியில் தவறவில்லை. வாக்கர் போன பிறகுதான் நிறுத்தச் சொல்லி உங்களுக்கு எழுதினேன். அது போய்விட்டது என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

பிப்ரவரியில் உங்கள் கடிதத்தில் நாற்பத்தாறு என்று படித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. நான் போகாமல் இருக்க ஒரு காரணம் கிடைத்துவிட்டது. அதுவும் நீங்களே மூன்று முறை அளந்து கொடுத்த காரணம். வழி ஆனால் வருகிறேன் என்று எழுதினேன். நீங்கள் ஸ்பீக்கரை எடுக்கவே மாட்டீர்கள் என்று நம்பித்தான் எழுதினேன். கல்யாணமாகி நாற்பத்தாறு வருஷத்தில் நான் உங்களைத் தப்பாகக் கணக்குப் போட்டது இந்த ஒரு தடவைதான்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நீங்கள் ஒரு நாள்கூடக் குரல் உயர்த்தியதில்லை. ஆனால் இந்த ஏழு வருஷமாக, தினமும் இரண்டு மணி நேரம், அந்த நடு நாற்காலியில் தலையை அசைக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு வயரை மாற்றுவீர்கள். "இப்ப?" என்பீர்கள். இன்னொன்றை மாற்றுவீர்கள். "இப்ப?" எனக்கு எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும். ஒன்று போல இருக்கிறது என்று சொன்னால் உங்கள் முகம் விழுந்துவிடும். மறுபடி முதலிலிருந்து தொடங்குவீர்கள். அதனால் இரண்டாவது நன்றாக இருக்கிறது என்பேன். நோட்டைப் புரட்டிப் பாருங்கள், பெரும்பாலும் இரண்டாவதாகத்தான் இருக்கும். இருமலை நான் ஒரு நாளும் கேட்டதே இல்லை. அந்த நோட்டில் நீங்கள் தேதி போட்டு எழுதி வைத்திருப்பது முழுக்க என் அலுப்புதான்.

ஏன் என்னைக் கேட்கிறீர்கள் என்றும் தெரியும். போனில் கோளாறு இல்லை. வலது பக்கம் நின்று கூப்பிட்டால் நீங்கள் திரும்புவதில்லை. நீங்களாகச் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. சரி, உங்களுக்கு என் காது இருந்துவிட்டுப் போகட்டும் என்று உட்கார்ந்தேன்.

இங்கேயும் சத்தத்துக்குக் குறைவில்லை. மிக்ஸி ஓடுகிறது. மாப்பிள்ளை போனில் ஊருக்கே சொல்வது மாதிரிப் பேசுகிறார். ஆனால் எது தெளிவாக இருந்தது என்று யாரும் என்னிடம் விசாரிப்பதில்லை. வந்த முதல் வாரம் எனக்கு அதை நம்பவே முடியவில்லை.

இப்போது நீங்கள் வழியைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். எனக்குச் சொல்லக் காரணம் ஒன்றும் மிச்சம் இல்லை. வா என்றால் வருகிறேன். வராதே என்றால் இருக்கிறேன். எனக்குத் தீர்மானிக்கத் தெரியவில்லை. இந்த ஒரு தடவை நீங்கள் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி

*

ஜூன் 21

அன்புள்ள உனக்கு,

நலம். உன் கடிதம் பதின்மூன்றாம் தேதி கிடைத்தது. உடனே எழுதத் தொடங்கினேன். இது ஐந்தாவது தாள்.

முதலில் எனக்குக் கோபம் வருகிறதா என்று பார்த்தேன். ஒரு வாரம் பார்த்தேன். வரவில்லை. வந்திருந்தால் எழுதச் சுலபமாக இருந்திருக்கும்.

காது விஷயம் உண்மை. வலது காது போய் ஏழு வருஷம் இருக்கும். இடது காதில் மேல் சுருதி எதுவும் விழுவதில்லை. டாக்டரிடம் போனேன், உன்னிடம் வங்கிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். இந்த வயதில் எல்லோருக்கும் வருவதுதான் என்றார். வீட்டில் மனித உயரத்துக்கு மேலே இரண்டை நிறுத்தி வைத்துக்கொண்டு, எனக்குக் கேட்கவில்லை என்று உன்னிடம் எப்படிச் சொல்வது? நீ சிரிப்பாய் என்று பயந்தேன். நீ சிரித்திருக்க மாட்டாய் என்று இப்போது தெரிகிறது. உனக்கு நன்றாக இருந்தால் அது நன்றாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டேன். உன்னை உட்காரவைத்து உன் முகத்தைப் பார்த்துத்தான் நான் பாட்டே கேட்டுக்கொண்டிருந்தேன். நீ என் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாய்.

நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஆயிரத்து நூற்று நாற்பது பதிவுகள். எண்ணினேன். தொள்ளாயிரத்து மூன்று பதிவுகளில் 'இரண்டாவது' என்றே இருக்கிறது. ஒரு கடைக்காரர் தராசில் இப்படி இருந்திருந்தால் முதல் பக்கத்திலேயே பிடித்திருப்பேன்.

நீ தீர்மானிக்கச் சொல்லியிருக்கிறாய். எனக்குப் பழக்கமில்லாத வேலை. எழுதிவிடுகிறேன், அடித்துத் திருத்துவதற்கு முன்: நீ அங்கேயே இரு. காரணம் எதுவும் வேண்டியதில்லை. மகள் கேட்டால் எனக்கு இங்கே வசதியாக இருக்கிறது, நான்தான் இருக்கச் சொன்னேன் என்று சொல்லிவிடு. அது பொய்யாகாது, சொன்னது நான்தானே.

இங்கே எனக்குக் கஷ்டம் ஒன்றுமில்லை. வீட்டில் இடம் நிறைய இருக்கிறது. சந்து இருந்த இடத்தில் இன்னும் பக்கவாட்டில்தான் நடக்கிறேன். கால் அப்படிப் பழகிவிட்டது, போகப்போகச் சரியாகும்.

ஒன்று மட்டும் விசாரித்து எழுத வேண்டும். ஒரு சனிக்கிழமை காலை ரயிலில் வந்து அன்று மாலை ரயிலிலேயே திரும்பிவிடலாமா என்று நினைக்கிறேன். சாப்பாட்டுக்கு யாரும் சிரமப்பட வேண்டாம். உன் ஜன்னல் பக்கம் ஒரு நாற்காலி இருந்தால் போதும், உனக்கு வலது கைப் பக்கமாக இருந்தால் என் இடது காது உன் பக்கம் இருக்கும். நீயாகப் பேசினால் பேசலாம். பேசாவிட்டாலும் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

தொந்தரவு என்று தோன்றினால் அதை எழுத வேண்டிய சங்கடம் உனக்கு வேண்டாம். பதில் போடாமல் இருந்துவிடு. நான் புரிந்துகொள்வேன். பதினைந்து நாள் பார்க்கிறேன். தபால் சில சமயம் தாமதமாகிறது.

இருபது நாள் என்றே வைத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நான்